பட்டணத்தில் மாணவர் குடித்தனம்

ஆனி மாதம் பிறந்துவிட்டால் நம் பக்கத்துத் தறிகளில் சில, இரண்டொரு நாள் ஓசையின்றி நிற்பதைக் காணலாம். பாவு தீர்ந்து நிற்பவை அல்ல அவை. நூல் வரத்துக் குறைந்து நிற்பவையும் அல்ல. பிள்ளையைக் கல்லூரியில் சேர்த்து, தங்குவதற்கு ஓர் இடமும் பார்த்துவிட்டு வரலாமென்று தறிக்குரியவர் சென்னைக்கோ கோவைக்கோ போயிருப்பார். கல்லூரிச் சம்பளம் இவ்வளவு என்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. அதற்குக் கடனும் உதவித் தொகையும் உண்டு. தங்குமிடத்துச் செலவோ அப்படியன்று. வீட்டுக்காரர் வாயிலிருந்து முன்பணத் தொகை வெளிவரும் வரையில் அது எவ்வளவென்று தெரியாது. வெளிவந்த பின்னரோ, அதைத் திரட்ட இரண்டு நாள் தவணைகூடக் கிடைப்பதில்லை.

சென்ற ஆண்டு ஆனியில் என் மகனுக்கும் அவன் தோழர் மூவருக்கும் வீடு தேடிச் சென்னையில் மூன்று நாள் அலைந்தேன். அலைந்ததில் அறிந்தவற்றையும், அதன் பின் பதினொரு மாதக் குடித்தனத்தில் அந்தப் பிள்ளைகள் பட்டறிந்தவற்றையும் எழுதினால், இவ்வாண்டு புறப்படுகிறவர்களுக்குப் பயன்படும் என்று சங்கத்தில் கூலிப் பட்டுவாடாவின்போது சிலர் சொன்னார்கள். அதனால் எழுதுகிறேன்.

நால்வரில் இருவர் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள். மூன்றாமவனுடைய தகப்பனார் காலிங்கராயன் வாய்க்கால் பாசனத்தில் மஞ்சள் வைத்திருப்பவர். நான்காமவன் கடை வைத்திருப்பவரின் மகன். கல்லூரி விடுதியில் இடம் போதாமையால் வெளியே தங்கிக்கொள்ளும்படி சொல்லிவிட்டார்கள். மஞ்சள்காரர், விலை ஏறட்டும் என்று கூட்டுறவு விற்பனைச் சங்கத்துக் கிடங்கில் இருப்பு வைத்திருந்த மூட்டைகளில் சிலவற்றை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு என்னோடு புறப்பட்டார். ஏற்காடு எக்ஸ்பிரசில் இரவெல்லாம் அவர் பேசியது அந்த மூட்டைகளைப் பற்றியேதான். நியாயமான கவலை. முன்பணம் என்பது செலவாகிவிட்ட பணமன்று, திரும்பி வரவேண்டிய பணம் என்று எல்லோரும் ஆறுதல் சொல்வார்கள். ஆனால் அது திரும்பி வருகிற வரையில் நம் கையில் இல்லாத பணம். வட்டியும் இல்லாத பணம்.

விடியலில் இறங்கி, எதிரே பூங்கா நகர் நிலையத்தில் பறக்கும் ரயில் ஏறினால் திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் வழியாக வேளச்சேரி வரையில் போகலாம். திருவல்லிக்கேணியில் முதலில் இறங்கிப் பார்த்தோம். மாணவரும் வேலை தேடுவோரும் ஒற்றை அறைகளில் தங்கும் மேன்சன்கள் நிறைந்த இடம் அது. தெருவுக்கு நான்கு மெஸ் உண்டு. கூட்டுறவாளரான நமக்கு அவ்வூர் மீது தனிப் பற்றும் உண்டு. திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் என்னும் பண்டகசாலை 1904ஆம் ஆண்டிலேயே தோன்றிய இடம் அல்லவா? ஆனால் பற்று வேறு, வாடகைக் கணக்கு வேறு. மேன்சனில் அறைக்கு இருவர் என்றால் நால்வருக்கு இரண்டு அறை வேண்டும், சமைப்பதற்கு அனுமதியில்லை, மூன்று வேளையும் வெளிச் சாப்பாடு. மாதத்துக்கு எவ்வளவு ஆகும் என்று மஞ்சள்காரர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் நிலையத்தை நோக்கி நடந்தார்.

வேளச்சேரியில் நாங்கள் கண்ட முதல் வீடு கீழ்த்தளம். இரண்டு அறை, சமையற்கட்டு, தனிக் குளியலறை. வாடகை 12,000 ரூபாய். அக்கம்பக்கத்து வாடகையை நோக்கக் குறைவு. தரகர் எங்களை அவசரப்படுத்தினார். சுவர்கள் புத்தம் புதிதாய் வர்ணம் பூசப்பட்டிருந்தன. உற்று நோக்கியபோதுதான் இடுப்பளவு வரையில்தான் புது வர்ணம், அதற்குமேல் பழையது என்று தெரிந்தது. மின்சார மீட்டரும் கைக்கு எட்டாத உயரத்தில் மாட்டப்பட்டிருந்தது. நெசவாளர் கண்ணுக்கு நிற வேற்றுமை தப்பாது. ஆனால் அதன் காரணம் அப்போது விளங்கவில்லை. தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருந்த பெரியவரிடம் கேட்டேன்.

"அந்த வீடுங்களா? 2015 டிசம்பரில் ஜன்னல் மட்டும் தண்ணி நின்னுது. 2023லேயும் உள்ளே வந்துடுச்சு. பிள்ளைங்க புத்தகமெல்லாம் மாடியிலே வச்சுக்க முடியும்னா எடுங்க ஐயா" என்றார்.

வடகிழக்குப் பருவமழை ஐப்பசி கார்த்திகையில்தான் வலுக்கும். நாம் வீடு பார்ப்பதோ ஆனி வெயிலில். வெயிலில் எந்த வீடும் நல்ல வீடுதான். ஆகவே சென்னையில் வீடு பார்ப்பவர்கள் இரண்டு ஆண்டுகளைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்: 2015இல் தண்ணீர் எதுவரையில் வந்தது, 2023இல் எதுவரையில் வந்தது என்று. வீட்டுக்காரரையும் தரகரையும் கேட்பதைவிட, அந்தத் தெருவில் நாள்தோறும் நிற்கும் இஸ்திரிக்காரர், மளிகைக் கடைக்காரர், பால் போடுபவர் ஆகியோரைக் கேட்பது உத்தமம். இன்னொரு ஆண்டும் உண்டு. 2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, மக்கள் குடங்களுடன் லாரிக்குக் காத்து நின்றார்கள். அந்தக் கோடையில் இந்த வீட்டுக் கிணற்றில், ஆழ்துளைக் குழாயில் தண்ணீர் இருந்ததா, லாரித் தண்ணீர் வாங்கினால் அந்தச் செலவு யாருடையது என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். மிகுதியும் குறைவும் ஆகிய இரண்டும் ஒரே ஊரில் வருகின்றன.

இரண்டாம் நாள் பார்த்த வீடுகளைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. ஓரிடத்தில் மாணவர் என்றதும் கதவைச் சாத்தினார்கள். மற்றோரிடத்தில், "சைவமா?" என்று தொடங்கி, எங்கள் தெருவின் பெயர், குலதெய்வம் என்று சுற்றிச் சுற்றி, சாதியைக் கேட்பதில் வந்து நின்றார்கள். நாங்கள் விடை சொல்லவில்லை; வணக்கம் சொல்லிவிட்டு இறங்கிவிட்டோம். மகன் படியிறங்கும்போது, "சொல்லியிருந்தால் கிடைத்திருக்குமோ, அப்பா?" என்று கேட்டான். கிடைத்திருக்கலாம். ஆனால் நால்வருக்கும் கிடைத்திராது. நால்வரும் சேர்ந்து ஒரு வீடு என்று புறப்பட்டவர்கள், ஒருவனை வெளியே நிறுத்தும் வாசலில் மற்ற மூவரும் நுழைவது எப்படி?

மூன்றாம் நாள் வீடு அகப்பட்டது. அதைக் காட்டியவரும் அதே இஸ்திரிக்காரப் பெரியவரே. மாடி வீடு, வாடகை 14,000. தரகர் இல்லாமையால், வழக்கமாக அவர் கேட்கும் ஒரு மாத வாடகை மிஞ்சியது. பெரியவர் பணம் வாங்க மறுத்துவிட்டார்; பின்னர் நம் சங்கத்துப் போர்வை ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன், அதை மறுக்கவில்லை.

இனி முன்பணம். சென்னையில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது நெடுங்கால வழக்கம். இந்த வீட்டுக்காரரும் அவ்வாறே 1,40,000 ரூபாய் கேட்டார். ஆளுக்கு 35,000. மஞ்சள்காரர் என் முகத்தைப் பார்த்தார். சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்பதை நான் புறப்படுவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தேன். அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியதாகையால் சிறிது விரிவாகச் சொல்கிறேன்.

பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1960ஆம் ஆண்டினது. அது இப்போது இல்லை. அதன் இடத்தில், நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகள் ஆகியவற்றை முறைப்படுத்தும் 2017ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் 2019ஆம் ஆண்டு பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பதும், அதை வாடகை அதிகாரியிடம் பதிந்து எண் பெறவேண்டும் என்பதும் அதன் முதன்மையான விதிகள். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி ஒருவர் இப்பொறுப்பை ஏற்றிருக்கிறார். பதிவை இணையத்தின் வழியாகவே செய்துகொள்ளலாம். முன்பணத்தைப் பொறுத்தவரையில், மூன்று மாத வாடகைக்கு மேல் பெறலாகாது என்கிறது சட்டம். ஆனால் அந்த வாக்கியத்தின் முன்னால் ஒரு சிறு சொற்றொடர் நிற்கிறது: இதற்கு மாறான ஒப்பந்தம் இல்லாவிடில் என்று. இரு தரப்பாரும் மனமொப்பி அதிகமாக எழுதிக்கொண்டால் சட்டம் குறுக்கே வராது. ஆகவே மூன்று மாதம் என்பது நம் கையில் உள்ள ஆயுதம் என்று எண்ணிப் போவாரும் ஏமாறுவர். சட்டமே இல்லை என்று கேட்டதைக் கொடுப்பாரும் ஏமாறுவர். அது பேரத்துக்கு நல்லதொரு தொடக்கப் புள்ளி, அவ்வளவே.

நான் மூன்று மாதத்தில் தொடங்கினேன். வீட்டுக்காரர் பத்திலிருந்து இறங்கினார். ஐந்து மாதத்தில், அதாவது 70,000 ரூபாயில் இருவரும் நின்றோம். ஆளுக்கு 17,500. "பசங்க நல்ல பசங்களாத் தெரியறாங்க. ஆனா நாளைக்கு வாடகை நின்னா நான் உங்க ஊருக்கு வந்து கேட்க முடியுமா?" என்றார் அவர். அவர் கேள்வியிலும் நியாயம் உண்டு. ஓய்வு பெற்ற பின் கட்டிய ஒரே மாடியை நம்பி இருப்பவர் அவர். வாடகைதாரர் எல்லோரும் ஏழைகள், வீட்டுக்காரர் எல்லோரும் செல்வர் என்று எழுதுவது எளிது, மெய் அன்று.

ஒப்பந்தம் அச்சிட்ட நமூனாவாகவே இருந்தது. பதினொரு மாதத்துக்கு எழுதியிருந்தார். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும் என்று 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் சொல்வதால் ஏற்பட்ட பழக்கம் இந்தப் பதினொரு மாதம். நால்வரும் கையெழுத்திடத் தயாரானபோது ஒரு தடை தோன்றியது. மஞ்சள்காரர் மகனுக்குப் பதினெட்டு நிறைய இன்னும் நான்கு மாதம் இருந்தது. வயது நிறையாதவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர் என்பது 1872ஆம் ஆண்டு முதல் உள்ள சட்டம். ஆகவே அவனுக்காகத் தகப்பனார் கையெழுத்திட்டார். முதலாண்டு மாணவரின் பெற்றோர் இதை மறவாமல் உடன் செல்ல வேண்டும். பிள்ளையை மட்டும் அனுப்பிவிட்டுக் கைபேசியில் பேசிக்கொள்ளலாம் என்றிருப்பது போதாது.

நமூனாவின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: காலி செய்யும்போது வர்ணம் பூசுவதற்காக ஒரு மாத வாடகை முன்பணத்தில் பிடித்துக்கொள்ளப்படும். சென்னை வீட்டு ஒப்பந்தங்களில் இவ்வரி சர்வசாதாரணமாகக் காணப்படுகிறது. பதினொரு மாதம் இருந்தாலும் ஐந்தாண்டு இருந்தாலும், சுவர் அழுக்கானாலும் ஆகாவிட்டாலும் பிடித்தம் ஒன்றே. சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில், வேறு வகையாக ஒப்புக்கொள்ளாதவிடத்து யார் யார் எந்தப் பழுதைப் பார்க்க வேண்டும் என்று பிரித்துக் காட்டியிருக்கிறது. கட்டடத்தின் அமைப்பில் வரும் பழுது, சுவருக்கு வெள்ளையடித்தல், கதவு சன்னல்களுக்கு வர்ணம் பூசுதல், தண்ணீர்க் குழாய் மாற்றுதல், மின்கம்பி அமைப்பு ஆகியவை வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய்த் திருகையும் அதன் வாசரும், சாக்கடை அடைப்பு, சுவிட்சு, பூட்டு, கைப்பிடி, சன்னல் கண்ணாடி போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. இதைச் சொல்லி, அந்த வரியை அடித்துவிட வேண்டினேன். அவருக்கு மனமில்லை. எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்றார். கடைசியில், சேதம் நேர்ந்திருந்தால் அதற்குரிய தொகை மட்டும் என்று பேனாவால் திருத்தி, பக்கத்தில் இருவரும் கையெழுத்திட்டோம். அந்தத் திருத்தத்தின் மதிப்பு பதினொரு மாதம் கழித்துத் தெரியவந்தது.

குடிபுகும் நாளில் செய்யவேண்டிய வேலை ஒன்றுண்டு. அதை நம்மவர் பெரும்பாலும் செய்வதில்லை. பால் காய்ச்சுவதற்கு முன், சாமான்களை உள்ளே வைப்பதற்கு முன், வெறும் வீட்டைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு சுவர், தரை, குழாய், கண்ணாடி, சுவிட்சுப் பலகை. ஏற்கெனவே உள்ள விரிசல், ஆணித் துளை, நீர்க்கறை. முக்கியமாக மின்சார மீட்டரில் அன்று காட்டும் எண். எடுத்த படங்களை அன்றே வீட்டுக்காரருக்கும் அனுப்பிவிட வேண்டும். சங்கத்துக்குத் துணியை ஒப்படைக்கும்போது நீள அகலம் பார்த்துக் குறித்த பின்னரே கூலி போடுகிறோம். நூலை வாங்கும்போதும் எடை போட்டே வாங்குகிறோம். வீட்டை மட்டும் ஏன் எடை போடாமல் வாங்க வேண்டும்?

மின்சாரத்தில்தான் மாணவர்கள் மிகுதியும் இழக்கிறார்கள். தனி மீட்டர் உள்ள வீடாக இருந்தால் வாரியத்தின் கட்டணத்தை நேரே கட்டிவிடலாம். வீடுகளுக்கு இரு மாதத்துக்கு முதல் 100 அலகு கட்டணமின்றி என்னும் சலுகை 2016ஆம் ஆண்டில் வந்தது. தனி மீட்டர் இருந்தால் சலுகை நேராகக் குடியிருப்பவருக்கே சேரும். பல குடித்தனங்களுக்கு ஒரே மீட்டர் வைத்து, உள்ளே துணை மீட்டர் பொருத்தி, அலகுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரரே விலை வைக்கும் இடங்களில் அது சேருவதில்லை. அலகு கூடக் கூடக் கட்டண விகிதமும் கூடுவது தறிக்கு மின்சாரம் கட்டும் நமக்குத் தெரியும். ஆகையால் வாடகையைக் கேட்ட மூச்சில் மீட்டரையும் கேட்டுவிட வேண்டும்.

பெண் பிள்ளைகளை அனுப்புவோர் தனி வீட்டைவிட விடுதியையே நாடுகிறார்கள். அவர்கள் அறிந்திருக்க வேண்டியது 2014ஆம் ஆண்டுச் சட்டம். மகளிர், சிறார் விடுதிகளையும் இல்லங்களையும் முறைப்படுத்தும் அச்சட்டப்படி, தனியார் மகளிர் விடுதி நடத்துவோர் மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெற்றிருக்க வேண்டும். என் தங்கை மகளுக்கு இடம் பார்த்தபோது, உரிமத்தைக் காட்டும்படி கேட்டோம். முதல் இரண்டு இடங்களில் முகம் மாறியது. மூன்றாம் இடத்தில் அலுவலக அறைச் சுவரில் சட்டமிட்டே மாட்டியிருந்தார்கள், அங்கே சேர்த்தோம். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

சாமான்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் இதில் தாய்மார்கள் என்னைவிட அறிந்தவர்கள். அரிசி, பருப்பு, எண்ணெய், மஞ்சள்தூள், மிளகாய்த்தூள் ஆகியவை வீட்டிலிருந்தே போகலாம். பவானி ஜமக்காளம் ஒன்று இருந்தால் கட்டில் வேண்டாம். நால்வரும் படுத்துக்கொள்வார்கள், நண்பர் வந்தால் ஐவரும். சமையல் எரிவாயுவுக்கு முகவரிச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. 5 கிலோ உருளையை அடையாள அட்டை காட்டியே வாங்கலாம். என் மனைவி கட்டிக் கொடுத்த மூட்டையில் தேங்காய் பதினைந்து இருந்தது. சென்னையிலும் தேங்காய் விற்கிறார்கள் என்று சொல்லிப் பார்த்தேன்.

குடித்தனம் தொடங்கிய முதல் ஞாயிறன்று நால்வரையும் உட்கார வைத்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் விதிகளை எழுத வைத்தோம். துணைவிதி இல்லாத சங்கம் நிலைக்காது என்பதை நாம் அறிவோம். வாடகை ஆளுக்கு 3,500. அதனோடு மாதம் 250 ரூபாய் பொதுநிதி. சமையல், பாத்திரம், தண்ணீர், கணக்கு என்று வாரமுறை. ஆண்டின் நடுவில் ஒருவன் விலகினால், அவனுடைய முன்பணத்தை அவன் இடத்துக்கு வருபவன் கொடுக்க வேண்டும்; பொதுநிதியில் அவன் கட்டியது திரும்பாது. கடைசி விதியைக் கேட்டுப் பிள்ளைகள் சிரித்தார்கள். விலகப் போகிறவன் யார் என்று ஒருவரையொருவர் சீண்டிக்கொண்டார்கள்.

தை மாத முடிவில் கடைக்காரர் மகன் விலகினான். தகப்பனாருக்கு உடல்நலம் கெட்டு, கடையைப் பார்க்க ஆளில்லாமல் போயிற்று. அவன் இடத்துக்கு ஆள் கிடைக்க இரண்டு மாதம் ஆனது. வாடகைக்கு மாதம் 3,500 வீதம் துண்டு விழுந்தது 7,000 ரூபாய். ஜூலை முதல் ஜனவரி வரையில் நால்வரும் போட்ட பொதுநிதி ஏழு மாதத்துக்கு 7,000. கணக்கு இப்படிப் பொருந்தி வந்தது தற்செயலே. ஆனால் நிதி இருந்தது தற்செயலன்று. அந்தப் பிள்ளையின் 1,750 ரூபாயும் அதில் சேர்ந்து போயிற்று. நோயில் விழுந்த வீட்டுப் பணத்தை விதியென்று வைத்துக்கொள்வது முறையா என்று மற்ற மூவருக்கும் மனம் உறுத்தியது. தங்களுக்குள் சேர்த்து, அடுத்த இரண்டு மாதத்தில் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நான் சொல்லிக் கொடுத்ததன்று.

இதுபோன்ற ஏற்பாடு புதிதன்று. 1933ஆம் ஆண்டில், அமெரிக்காவில் பொருளாதார மந்தம் உச்சத்திலிருந்தபோது, கலிபோர்னியாவின் பெர்க்லியில் படித்துக்கொண்டிருந்த மாணவர் பதினால்வர், ஒய்.எம்.சி.ஏ. இல்லத்தின் நிர்வாகி ஹாரி கிங்மன் என்பவர் ஊக்கியதன் பேரில் கூட்டுறவு முறையில் ஒரு வீட்டைத் தொடங்கினார்கள். வாடகையைக் குறைப்பதற்காகச் சமையலையும் துப்புரவையும் தாங்களே முறைவைத்துச் செய்தார்கள். அந்தச் சங்கத்தின் வீடுகளில் இன்று ஆயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்கள் வசிக்கிறார்கள். வாரத்தில் சில மணி நேர வேலை இன்றும் ஒவ்வொருவருக்கும் கடமை. வீட்டுக்காரரும் அவர்களே, குடித்தனக்காரரும் அவர்களே. ஸ்காட்லாந்தின் எடின்பரோவிலும் 2014 முதல் நூற்றுக்கு மேற்பட்ட மாணவர் இவ்வாறே கூட்டுறவு வீட்டில் வாழ்கிறார்கள். பெர்க்லிக் குடியிருப்பு ஒன்றுக்கு ராச்டேல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரை நம் சங்கச் சுவரில் படித்தவர்கள் உண்டு. 1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில் இருபத்தெட்டுப் பேர் கூடிக் கூட்டுறவுக் கடை திறந்த கதை நாம் கேட்டதே. அவர்களில் நெசவாளர் பலர். அவர்கள் எழுதிக்கொண்ட நோக்கங்களில் கடைக்கு அடுத்தபடியாக நின்றது, அங்கத்தினர் வசிப்பதற்கு வீடுகளை வாங்குவதும் கட்டுவதும் என்பது பலருக்குத் தெரியாது. மாவும் வெண்ணெயும் விற்றதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டோம்.

வைகாசியில் பதினொரு மாதம் முடிந்தது. வீட்டுக்காரரின் மகள் குடும்பத்தோடு திரும்பி வருவதால் வீட்டைக் காலி செய்து தரும்படி முன்கூட்டியே சொல்லியிருந்தார். ஒப்படைக்கும் நாளில் நானும் மஞ்சள்காரரும் போயிருந்தோம். வீட்டைச் சுற்றிப் பார்த்தவர், வழக்கப்படி வர்ணத்துக்கு 14,000 போக மீதி தருவதாகச் சொன்னார். மகன் கைபேசியை எடுத்து, முதல் நாள் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினான். கூடத்துச் சுவரின் நீர்க்கறை அன்றே இருந்தது. சமையற்கட்டுப் புகை புதிது. அதைப் பிள்ளைகள் தேய்த்துக் கழுவியிருந்தார்கள். உடைந்த சன்னல் கண்ணாடி ஒன்று அவர்கள் உடைத்ததே. பிறகு ஒப்பந்தத்தில் பேனாவால் திருத்திய வரியைக் காட்டினோம். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். "இது நான் போட்ட கையெழுத்துதான்" என்றார். கண்ணாடிக்கும், ஒழுகிய குழாய்க்கும், அவர்கள் அடித்த ஆணிகளின் துளை அடைக்கவுமாக 1,850 ரூபாய் என்று முடிவாயிற்று. முன்பணத்தைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித்தர வேண்டும் என்பது சட்டம். அவர் பதினெட்டாம் நாள் 68,150 ரூபாயை அனுப்பிவிட்டார். அந்த இடைவெளியில் மஞ்சள்காரர் எனக்கு எத்தனை முறை தொலைபேசினார் என்பதை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அதே தெருவில், இரண்டு வீடு தள்ளி, மாடியிலேயே வேறு இடம் கிடைத்திருக்கிறது. வாடகை 15,000; முன்பணம் நான்கு மாதம். தண்ணீர் 2015இலும் 2023இலும் மாடிப்படியின் மூன்றாம் படியோடு நின்றதாம். தனி மீட்டர் உண்டு. என் மகனும் மஞ்சள்காரர் மகனும், பங்குனி முடிவில் வந்து சேர்ந்த பிள்ளையும் அங்கே குடியேறிவிட்டார்கள். நான்காம் இடம் காலியாக இருக்கிறது. நம் அங்கத்தினர் பிள்ளைகளில் இவ்வாண்டு சென்னையில் சேருகிறவர் எவரேனும் இருந்தால், வருகிற கூலிப் பட்டுவாடா நாளில் சங்க அலுவலகத்தில் என்னைப் பார்க்கலாம். நோட்டுப் புத்தகத்து விதிகளின் நகல் ஒன்றை எழுத்தரிடம் கொடுத்து வைத்திருக்கிறேன்.